சென்னைக்கு வேலைக்கு வந்துட்டீங்க, ஆள் பழக்கம் இல்ல, குரூப்ல சேர்ந்து ஃப்ரெண்ட்ஸ் பிடிக்கிறது எப்படி?

வேலைக்காக ஊர்லருந்து சென்னை வந்து வருசக்கணக்கா ஆகியும் ஞாயித்துக்கிழமைன்னா போர்வைய இழுத்துப் போத்திட்டு ரீல்ஸ் பார்த்து, மதியம் பிரியாணி ஆர்டர் பண்ணி சாப்பிட்டுட்டு மறுபடி தூங்குறவங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்க. ஆபீஸ்ல பேச்சுக்கு ஆள் இருக்கும், கம்பெனி மாறினா அந்தப் பேச்சும் அங்கயே நின்னுடும். காலேஜ் குரூப் வாட்ஸ்அப்ல இருக்கும், அதுல பர்த்டே விஷ் தவிர ஒண்ணும் வராது. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நான் தெக்கத்திக்காரன், இப்போ ஒரு பறவை பார்க்கிற குரூப்லயும் ஒரு வாசகர் வட்டத்துலயும் இருக்கேன், புதுசா வர்றவங்க மெசேஜுக்கு பதில் போடுற வேலை என் தலையில விழுந்ததால எல்லாரும் எங்க மாட்டிக்கிறாங்கன்னு ஓரளவு தெரியும்.

முதல்ல ஒரு கணக்கு

அமெரிக்காவுல கான்சாஸ் யுனிவர்சிட்டில ஜெஃப்ரி ஹால்னு ஒரு பேராசிரியர், 2018ல ஒரு ஆய்வு வெளியிட்டார். புது ஊருக்கு குடி மாறி ஆறு மாசத்துக்குள்ள இருக்கிறவங்களையும், காலேஜ்ல புதுசா சேர்ந்த பசங்களையும் வச்சு பண்ணது. தெரிஞ்ச முகம்ங்கிற நிலையிலருந்து சும்மா பழகுற ஃப்ரெண்டா மாற சுமார் 50 மணி நேரம், நிஜமாவே ஃப்ரெண்டுன்னு சொல்ல 90 மணி நேரம், நெருங்கின ஃப்ரெண்டாக 200 மணி நேரத்துக்கு மேல, இப்படி ஒரு கணக்கு அதுல வந்துச்சு. ஒண்ணா வேலை பார்த்த நேரம் இதுக்கு பெருசா உதவலங்கிறதும் அதுல உண்டு, ஒண்ணா பொழுது போக்கின நேரம்தான் உதவிருக்கு. பக்கத்து க்யூபிக்கல் ஆளோட மூணு வருசம் உக்கார்ந்தும் அவர் வீடு எங்க இருக்குன்னு தெரியாம இருக்கிறது இதனாலதான் போல.

இத அப்படியே நம்ம வாரத்துக்குப் போட்டுப் பாருங்க. வாரம் ஒரு தடவ போறீங்க, டீக்கடை நேரத்தையும் சேர்த்து ரெண்டு மணி நேரம், அப்போ 50 மணி நேரம் சேர 25 வாரம், கிட்டத்தட்ட ஆறு மாசம். மாசத்துக்கு ஒரு தடவ அஞ்சு மணி நேரம் போற குரூப்னா பத்து மாசம். அமெரிக்க கணக்கு நமக்கு அச்சா பொருந்தணும்னு இல்ல, நம்ம ஆளுங்க ஒரு ட்ரெயின் பயணத்துலயே குடும்பக் கதைய முழுசா கொட்டிடுவாங்க, இருந்தாலும் அளவு இதுதான். ரெண்டு தடவ போயிட்டு வந்து "அந்த குரூப் செட்டாகல ப்ரோ"ன்னு சொல்றவங்க போட்டது மொத்தமே நாலு மணி நேரம். எங்கிட்ட யாராவது எந்த குரூப் நல்ல குரூப்னு கேட்டா நான் திருப்பிக் கேக்கிறது ஒண்ணுதான், ஆறு மாசம் விடாம எதுக்கு உங்களால போக முடியும்?

எந்த மாதிரி குரூப்ல சேரணும்

மூணு விசயம் பாருங்க. ஒண்ணு, வந்த ஆளே திரும்ப வரணும். ஸ்டாண்டப் காமெடி ஷோ, ஒரு நாள் ஒர்க்‌ஷாப், இசைக் கச்சேரி இதெல்லாம் ஜாலிதான், ஆனா பக்கத்து சீட்ல இருந்தவர மறுபடி பார்க்கவே மாட்டீங்க. ரெண்டாவது, கைக்கும் கண்ணுக்கும் ஏதாவது வேலை இருக்கணும். "வாங்க பழகலாம்"னே நடத்துற மீட்டப்ல ஒரு காபிய கையில வச்சுக்கிட்டு எதிர்ல இருக்கிற ஆள பார்த்து என்ன பேசுறதுன்னு முழிக்கிறத விட ஒரு கொடுமை இல்ல, அதுவே குப்பை பொறுக்கும்போதோ பறவை எண்ணும்போதோ பேச்சு தன்னால வரும், வரலன்னாலும் யாருக்கும் உறுத்தாது. மூணாவதுதான் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறது, முடிஞ்சதும் டீக்கடைக்குப் போற பழக்கம் அந்த குரூப்புக்கு இருக்கணும். நிகழ்ச்சி முடிஞ்ச அடுத்த நிமிசம் எல்லாரும் ஓலா புக் பண்ணிட்டு கிளம்புற குரூப்ல வருசம் முழுக்க இருந்தாலும் ஹாய் பையோட நின்னுடும்.

சென்னையில எங்க போகலாம்

நான் அதிகம் பார்த்தது பறவை பார்க்கிறது, அதனால அதப் பத்தி கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கோங்க. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978லருந்து இருக்கு, அவங்க களப்பயணம் போவாங்க, அது போக சின்னச் சின்ன ஏரியா குரூப்புகளும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் காலையில நிப்பாங்க. பைனாகுலர் வாங்கிட்டுத்தான் போகணும்னு நினைச்சு தள்ளிப் போடாதீங்க, வெறுங்கையோட போறதுதான் உங்களுக்கு நல்லது. பக்கத்துல இருக்கிறவர் தன்னோடத கழட்டிக் கொடுத்து "அந்தக் கோரைக்கு இடது பக்கம் பாருங்க, நெத்தில வெள்ளையா தெரிஞ்சா நாமக்கோழி, செவப்பா தெரிஞ்சா தாழைக்கோழி"ன்னு சொல்லுவார், அவ்வளவுதான், அறிமுகம் முடிஞ்சுது. வேற எங்கயும் முன்ன பின்ன தெரியாத ஆள் தன்னோட விலை உசந்த பொருள உங்க கையில கொடுக்க மாட்டார். பொங்கல் சமயத்துல நாலு நாள் தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், குறைஞ்சது 15 நிமிசம் ஒரு இடத்துல நின்னு பார்த்த பறவைகள எண்ணி, பறவைப் பதிவு போடுற இபேர்ட் ஆப்ல ஏத்தணும். ஊருக்குப் போற ஆளுங்க ஊர்க் கண்மாய்லருந்தே எண்ணலாம், திரும்பி வந்ததும் குரூப்ல எங்க ஊர்ல இது இருந்துச்சுன்னு சொல்ல ஒரு விசயம் கிடைச்சிடும்.

அடுத்து ஆமை நடை. ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்னு 1988லருந்து இயங்குற மாணவர் அமைப்பு, சீசன்ல ராத்திரி ராத்திரி நீலாங்கரைலருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் கடலோரமா நடந்து, பங்குனி ஆமை இட்டுட்டுப் போன முட்டைகள எடுத்து பாதுகாப்பான குஞ்சு பொரிப்பகத்துல வைக்கிறாங்க. ஒரு குழியில நூறு முட்டைக்கு மேல இருக்கும். ஜனவரிலருந்து ஏப்ரல் வாக்குல வார இறுதி ராத்திரிகள்ல பொதுமக்களும் கூட நடக்கலாம். கண்ட நேரத்துல டார்ச் அடிக்கக் கூடாது, வெளிச்சம் ஆமைய கலைச்சிடும். கூச்ச சுபாவம் உள்ளவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதத்தான், ஏன்னா இருட்டுல முகம் தெரியாது, பக்கத்துல நடக்கிற ஆள்ட்ட மணல்ல கால் புதைய புதைய பேசிட்டே போகலாம், காபி ஷாப்ல வாய் தெறக்காதவங்க விடிய விடிய பேசினத பார்த்திருக்கேன். ஆனா ஒரு ராத்திரி போயிட்டு ஸ்டோரி போட்டுட்டு வந்துட்டா அது வெறும் டூர், தன்னார்வலரா தொடர்ந்து போறவங்களுக்குத்தான் ஆளுங்க கிடைப்பாங்க.

ஓடுற ஆசை இருந்தா சென்னை ரன்னர்ஸ், ஏரியாவுக்கு ஏரியா அவங்களுக்கு சாப்டர் இருக்கு, காலையில அஞ்சு மணி சொச்சத்துக்கு எழுந்திருக்கணும்ங்கிறது ஒண்ணுதான் கஷ்டம். உங்களால ஓட முடியாட்டி நடந்து ஓடி நடந்து ஓடிப் போற ஆளுங்களும் இருப்பாங்க, அவங்ககூட ஒட்டிக்கோங்க, மூச்சு வாங்காம பேச முடியிற வேகம் அவங்கட்டதான் இருக்கும்.

ஷட்டில் ஆடுறவங்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. ஏரியா கோர்ட்ல டபுள்ஸ் ஆடுற செட்டுக்கு எப்பவும் ஒரு ஆள் குறையும், யாராவது ஊருக்குப் போயிருப்பாங்க, யாருக்காவது முட்டி வலி. காலையில மட்டையோட போய் ஓரமா நின்னு "நாலாவது ஆள் வேணும்னா சொல்லுங்கண்ணே"ன்னு ஒரு வார்த்தை சொல்லி வச்சிட்டு வாங்க. முதல் நாள் கூப்பிட மாட்டாங்க. மூணாவது நாள் கண்டிப்பா கூப்பிடுவாங்க. காக் வாங்குற செலவுல உங்க பங்க கேக்கிறதுக்கு முன்னாடியே கொடுத்திடுங்க, அதோட நீங்க அந்த செட் ஆளு.

புத்தகம் படிக்கிறவங்க பக்கத்துல இருக்கிற அரசு நூலகத்துல வாசகர் வட்டம் நடக்குதான்னு நூலகர்ட்ட கேளுங்க. போனா பாதிப் பேர் ரிட்டயர்டு வாத்தியாரா இருப்பாங்க, இதுல நம்ம வயசு ஆளே இல்லையேன்னு ஓடி வந்துடாதீங்க. அந்தக் கூட்டத்துல இருபத்தஞ்சு வயசுப் பையனோ பொண்ணோ போய் உக்கார்ந்தா ராஜ மரியாதை, வாடகை வீட்டுலருந்து வரன் வரைக்கும் உங்களுக்காகத் தேட ஆரம்பிச்சிடுவாங்க, அது நல்லதா கெட்டதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. நட்பு ஒரே வயசுல இருக்கணும்னு ஸ்கூல் பழக்கிவிட்டது, நாப்பது வயசு வித்தியாசத்துல எனக்கு ஒரு ஃப்ரெண்ட் இருக்கார், உடம்பு சரியில்லன்னா முதல் போன் அவர்கிட்டருந்துதான் வரும்.

பக்தி உள்ளவங்களுக்கு உழவாரப்பணி குழு. மாசத்துல ஒரு ஞாயிறு வேன் பிடிச்சு காஞ்சிபுரம் செங்கல்பட்டு பக்கம் பழைய கோயிலுக்குப் போய் புல் செதுக்கி, ஒட்டடை அடிச்சு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறின விளக்க எல்லாம் தேய்ச்சு வச்சிட்டு மதியம் பந்தியில ஒண்ணா சாப்பிட்டு வருவாங்க. மேடைப் பேச்சுக்கு பயம்னா அத பேசிப் பேசிப் பழகுற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப், விருந்தாளியா போய்ப் பார்க்க காசு கிடையாது, தமிழ்லயே நடக்கிற கிளப்பும் இருக்கு. அதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா ஒருத்தர் நேரம் பார்ப்பார், ஒருத்தர் "ஆ... ம்ம்..." எத்தன தடவ வந்துச்சுன்னு எண்ணுவார், இலக்கணம் பார்க்க ஒருத்தர், இப்படி நிறைய பேருக்கு வேலைய பிரிச்சுக் கொடுத்திடுவாங்க. சும்மா உக்கார்ந்துட்டு போறதுக்கு வழியே இல்ல.

சென்னையில இல்லாதவங்க கோவிச்சுக்காதீங்க. மதுரையில பசுமை நடைன்னு இருக்கு, 2010ல யானைமலைய சிற்ப நகரமா மாத்தப் போறாங்கன்னு பேச்சு வந்தப்போ எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் முயற்சியில ஆரம்பிச்சது. ஞாயித்துக்கிழமை காலையில கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி மாதிரி சமணர் மலைகளுக்கு கூட்டமா நடந்து போய் தொல்லியல் அறிஞர்கள் கல்வெட்டு பத்தி சொல்றத பாறையில உக்கார்ந்து கேட்டுட்டு, ஒண்ணா காலைச் சாப்பாடு சாப்பிட்டு வர்றது, குழந்தை குட்டியோட குடும்பமா வருவாங்க. கோயம்புத்தூர்ல கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு, ஞாயித்துக்கிழமை காலையில குளத்துல இறங்கி களப்பணி. இந்த ரெண்டுலயும் நான் மேல சொன்ன மூணும் இருக்கு பாருங்க.

முதல் நாள் போறப்போ

முந்தின நாளே நடத்துறவருக்கு ஒரு மெசேஜ் போடுங்க, "நான் புதுசு, தனியா வர்றேன்"னு. இது ஒரு வரி, ஆனா அவர் உங்கள எதிர்பார்த்திருப்பார், வந்ததும் ரெண்டு பேர்ட்ட அறிமுகம் பண்ணி வைப்பார். சொல்லாம போனா அவர் சைக்கிள் பூட்டுறது, பேனர் கட்டுறதுன்னு ஓடிட்டு இருப்பார், நீங்க தூண் மாதிரி நிக்கணும். பத்து நிமிசம் முன்னாடியே போங்க. லேட்டா போனா ஏற்கனவே மூணு மூணு பேரா வட்டம் போட்டு நின்னுட்டு இருப்பாங்க, அதுக்குள்ள நுழையிறது பழகினவனுக்கே கஷ்டம்.

என்ன பேசுறதுன்னு கவலைப்படாதீங்க, ஆளப் பத்திக் கேக்காம அங்க நடக்கிற விசயத்தப் பத்திக் கேளுங்க. "எந்த கம்பெனி, என்ன பேக்கேஜ்"னு ஆரம்பிச்சா அது ஆபீஸ் ஆகிடும். "இந்த ஷூ எத்தன நாள் தாங்குச்சு", "இந்தப் பறவை வருசம் முழுக்க இங்கயே இருக்குமா" இந்த மாதிரி கேட்டா எதிராளிக்கு சந்தோசம், அஞ்சு நிமிசம் அவரே பேசுவார். அன்னைக்கு ரெண்டே ரெண்டு பேர் பேர மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, போன்ல நோட்ஸ்ல "நீலத் தொப்பி, தாம்பரம், பையன் பிளஸ் டூ"ன்னு குறிச்சு வச்சாலும் தப்பில்ல. அடுத்த வாரம் பேர் சொல்லிக் கூப்பிட்டு "பையன் எக்ஸாம் எப்படிங்க எழுதினான்"னு கேட்டுப் பாருங்க, அவர் முகம் மாறும்.

வயசுல மூத்தவங்கள என்னன்னு கூப்பிடுறதுன்னு குழப்பம் இருக்கும். முதல்ல சார், மேடம்னே ஆரம்பிங்க, மத்தவங்க அவர அண்ணான்னு கூப்பிடுறத கேட்டதும் நீங்களும் மாத்திக்கலாம், சின்னப் பசங்க வந்தவுடனே எல்லாரையும் ப்ரோங்கிறது சில குரூப்ல செல்லும், உழவாரப்பணியில செல்லாது.

வீட்டுக்கு வந்ததும் மண்டைக்குள்ள ஒரு ஓட்டம் ஓடும் பாருங்க, நான் உளறிட்டேனா, அவங்களுக்கு என்னப் பிடிக்கலயோன்னு. இதையும் ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, 2018ல எரிகா பூத்பியும் கூட இருந்தவங்களும் பண்ணது. முதல் தடவ பேசிப் பிரிஞ்சவங்கள தனித்தனியா கேட்டா, எதிராளிக்கு நம்மள எவ்வளவு பிடிச்சிருக்கும்ங்கிறத மக்கள் நிஜத்த விட குறைச்சுத்தான் மதிப்பு போடுறாங்க. எதிர்ல இருந்தவரும் அவங்க வீட்டுல உக்கார்ந்து அதே கவலைதான் பட்டுட்டு இருந்திருப்பார். அதனால அடுத்த வாரமும் போங்க.

ஒரு சின்ன வேலைய உங்களோடதாக்கிக்கோங்க

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விசயத்த மட்டும் எடுத்துக்கிட்டுப் போறீங்கன்னா இத எடுத்துக்கோங்க. மூணாவது நாலாவது தடவ போறப்போ நடத்துறவர்ட்ட "நான் என்ன செய்யட்டும்"னு கேக்காதீங்க, அவர் பண்பா "ஒண்ணும் வேணாம்பா"ன்னுடுவார். நீங்களே பார்த்து ஒரு வேலைய சொல்லிக் கேளுங்க, "வர்றவங்க பேர் எழுதுறது நான் பார்த்துக்கட்டுமா", "குப்பைப் பையும் கிளவுஸும் நான் வாங்கிட்டு வந்துடுறேன், பில் அனுப்புறேன்", "டீ எத்தன, சர்க்கரை இல்லாம எத்தனன்னு நான் எண்ணிச் சொல்றேன்". டீ எண்ணுறது கேவலமா தெரியும். ஆனா டீ எண்ணுறவன் அங்க இருக்கிற ஒவ்வொரு ஆள்ட்டயும் போய் ஒரு வார்த்தை பேசித்தான் ஆகணும், கூச்சப்படுறவனுக்கு இதவிட நல்ல சாக்கு கிடைக்காது, ரெண்டு மாசத்துல யாருக்கு சுகர், யார் காபி மட்டும் குடிப்பாங்கன்னு உங்களுக்கு அத்துப்படி ஆகிடும். பேர் எழுதுறவங்களுக்கும் அப்படித்தான், நீங்க வராத அன்னைக்கு "எங்கப்பா அந்தத் தம்பி"ன்னு கேப்பாங்க. ஒரு ஊர்ல நீங்க வரலன்னு யாராவது கவனிக்க ஆரம்பிச்சிட்டாங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

குரூப்லருந்து வெளிய கொண்டு வர்றது

இங்கதான் நிறைய பேர் நின்னுடுறாங்க. வாராவாரம் பார்ப்பாங்க, சிரிப்பாங்க, குரூப்புக்கு வெளிய பழக்கமே இருக்காது. "ஒரு நாள் மீட் பண்ணலாம்"னு சொன்னா அந்த ஒரு நாள் வரவே வராது. நாள், இடம், காரணம் மூணையும் வச்சுக் கேளுங்க, "சனிக்கிழமை காலையில எழும்பூர் கன்னிமாரா லைப்ரரிக்கு புக் திருப்பிக் கொடுக்கப் போறேன், முடிச்சிட்டு திருவல்லிக்கேணில ரத்னா கபேல சாம்பார் இட்லி, வர்றீங்களா?" வரலன்னா கூட நீங்க எப்படியும் போகத்தான் போறீங்க, அதனால மறுக்கிறவங்களுக்கும் சங்கடம் இல்ல. ரெண்டு தடவ கேட்டு ரெண்டு தடவையும் அவங்க வேற நாள் எதுவும் சொல்லலன்னா அதோட விட்டுடுங்க, குரூப்ல பழையபடி பேசிட்டுப் போங்க.

இன்னொரு வழி, ஒரே ரூட்ல போற ஆளக் கண்டுபிடிங்க. பறக்கும் ரயில்ல வேளச்சேரி வரைக்கும் கூட வர்ற ஒருத்தர் இருந்தா வாரத்துக்கு அரை மணி நேரம் இலவசமா சேருது. இரவல் வாங்குறதும் நல்லது, புக்கோ டென்ட்டோ வாங்கினா திருப்பிக் கொடுக்க ஒரு தடவ பார்த்தாகணும். அப்புறம் யாராவது கிரகப்பிரவேசம், காதுகுத்து, தங்கச்சி கல்யாணம்னு பத்திரிகை கொடுத்தா எப்பாடுபட்டாவது போங்க, நம்ம ஊர்ல அதுக்கு இருக்கிற மதிப்பு நூறு டீக்கு சமம். மொய் எவ்வளவுங்கிறது யாருக்கும் ஞாபகம் இருக்காது, நீங்க மயிலாப்பூர்லருந்து திருத்தணி வரைக்கும் பஸ் ஏறி வந்தீங்கங்கிறது ஞாபகம் இருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் ஆக்டிவா இருந்து நேர்ல வராதவங்க ஒரு ரகம். குட்மார்னிங் படம் போட்டு யாரும் யாருக்கும் ஃப்ரெண்ட் ஆனதில்ல.

கவனமா இருக்க வேண்டியது

"எந்த ஊரு"ன்னு எல்லாரும் கேப்பாங்க, அது சாதாரணம், நானும் கேப்பேன். ஊர் சொன்னப்புறம் "அங்க எந்தத் தெரு, உங்க குலதெய்வம் எது, நீங்க அந்த ஆளுங்களா"ன்னு தோண்ட ஆரம்பிச்சா எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். சிரிச்சிட்டே "அத விடுங்கண்ணே, அடுத்த வாரம் எங்க போறோம்"னு மாத்திடுங்க, பெரும்பாலும் அங்கயே நின்னுடும். நடத்துறவரே தோண்டுறார்னா அந்த இடம் வேணாம், ஊர்ல குரூப்புக்கா பஞ்சம்.

பொண்ணுங்க முதல் சில தடவ பகல் நேரம், பொது இடம்னு இருக்கிறத எடுத்துக்கிட்டா நல்லது. சேர்றதுக்கு முன்னாடி தொடர்ந்து வர்ற ஒரு அக்காவோட நம்பர் கேட்டு வாங்கி பேசிப் பாருங்க, அப்படி ஒருத்தர்கூட இல்லாத குரூப்னா அதுவே ஒரு பதில். குரூப்ல சேர்ந்த அன்னைக்கே உங்க நம்பர் எல்லாருக்கும் தெரியும், ராத்திரி பதினோரு மணிக்கு தனியா "ஹாய், தூங்கலயா"ன்னு மெசேஜ் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து அட்மினுக்கு அனுப்புங்க. அட்மின் அந்த ஆள உடனே தூக்குறாரா, இல்ல "அவர் நல்லவர்தான்மா, விடுங்க"ங்கிறாரான்னு பாருங்க, அதுல தெரிஞ்சிடும் அங்க இருக்கலாமா வேணாமான்னு.

ட்ரெக்கிங் குரூப்னா அனுமதிச் சீட்டு எங்கன்னு கூச்சப்படாம கேளுங்க. 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணி காட்டுத் தீயில ட்ரெக்கிங் போனவங்க 20 பேருக்கு மேல இறந்துபோனாங்க, அதுக்கப்புறமும் கேக்காம மலையேறுறவங்க இருக்காங்கங்கிறதுலதான் கோவம் வருது. வனத்துறையே 2024ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதைகள தெறந்து விட்டிருக்கு, வழிகாட்டியோட போகலாம், ஆன்லைன்ல புக் பண்ணலாம்.

அப்புறம் ரொம்ப அன்பா பேசி ரெண்டாவது வாரமே "ஒரு பிசினஸ் ஆப்பர்ச்சூனிட்டி இருக்கு, ஞாயித்துக்கிழமை ஹோட்டல்ல ஒரு சின்ன மீட்டிங், ஃபார்மல்ஸ்ல வாங்க"ன்னு கூப்பிடுற ஆளுங்க. புது ஊர்ல தனியா இருக்கிறவங்கள மோப்பம் பிடிச்சு வருவாங்க. நட்புல முதல் மாசமே காசு பேச்சு வந்தா எந்திரிச்சு வந்துடுங்க. ஒழுங்கான குரூப்ல வேன் வாடகை, சாப்பாடுன்னு வசூல் பண்ணுவாங்க, முடிஞ்சதும் மீதி எவ்வளவுன்னு கணக்க எல்லாரும் பார்க்கிற மாதிரி குரூப்லயே போட்டுடுவாங்க.

ஆறு மாசம் போயும் ஒட்டலயா, வேற குரூப்புக்கு மாறுங்க, சொல்லிட்டு மாறுங்க. ஒரே நேரத்துல அஞ்சு குரூப்ல சேர்றது மட்டும் வேணாம், அஞ்சுலயும் நீங்க எப்பவும் புது ஆளாவே இருப்பீங்க.

பக்கத்துல எதுவுமே இல்லன்னா

நீங்களே ஆரம்பிச்சிடுங்க, இதுக்கு பதிவு, லோகோ, இன்ஸ்டா பேஜ் எதுவும் வேணாம். நாள், நேரம், இடம் மூணும் மாறக் கூடாது, அது ஒண்ணுதான் சட்டம். "ஞாயிறு காலை ஏழு மணி, திருவான்மியூர் பீச், ஒரு மணி நேரம் அவங்கவங்க புக்க அமைதியா படிக்கிறது, அப்புறம் டீ", இவ்வளவு போதும். எல்லாருக்கும் எந்த நாள் வசதின்னு வாட்ஸ்அப்ல போல் வச்சீங்கன்னா முடிஞ்சுது கதை, அந்தப் போல் முடியவே முடியாது. முதல் ஆளா உங்க ரூம்மேட்ட இழுத்துட்டுப் போங்க. ரெண்டே பேர் வந்தாலும் நடத்துங்க, யாருமே வரலன்னா நீங்க மட்டும் உக்கார்ந்து படிச்சிட்டு ஒரு போட்டோ எடுத்துப் போட்டுட்டு வாங்க, வராதவங்களுக்கு அது நடந்துச்சுன்னு தெரியணும். மூணு மாசம் இப்படி ஓட்டினா ஏழெட்டுப் பேர் நிலையா வருவாங்க, அதுக்கு மேல நூறு பேர் ஆக்கணும்ங்கிற ஆசை வேணாம், பேர் தெரியாத கூட்டம் ஆகிடுச்சுன்னா மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும்.

எப்போ ஆரம்பிக்கிறது

சென்னையப் பொறுத்தவரைக்கும் ஜனவரிதான் தோது. வெயில் இருக்காது, பறவைங்க வந்திருக்கும், பொங்கல் கணக்கெடுப்பு, ஆமை சீசன், புத்தகக் கண்காட்சி எல்லாம் ஒண்ணா வரும், எல்லா குரூப்பும் புது ஆள் எடுக்கிற மூட்ல இருப்பாங்க. ஏப்ரல் மே வெயில்ல வெளி நிகழ்ச்சிக்கு ஆள் குறையும், ஆனா அப்பவும் வர்ற நாலஞ்சு பேர்தான் அந்த குரூப்போட ஆணிவேர், அவங்களோட பழக அதுதான் நேரம். அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் மழையில பாதி கேன்சல் ஆகும், அந்த மாசங்கள்ல சேர்றதா இருந்தா லைப்ரரி, இன்டோர் ஷட்டில், டோஸ்ட்மாஸ்டர்ஸ் மாதிரி கூரைக்குக் கீழ நடக்கிறதா பார்த்து சேருங்க. கிளம்புறதுக்கு முன்னாடி குரூப்ல ஒரு தடவ பார்த்துட்டுப் போங்க, கேன்சல் மெசேஜ் எப்பவும் காலையில அஞ்சரைக்குத்தான் வரும்.